அவர்களுக்கும் காரணம் இருந்தது

நான் நாத்திகன். நாத்திகக் குடும்பத்தில் பிறந்து, கருஞ்சட்டை போட்டு வளர்ந்து, அறுபதைத் தாண்டிய பிறகும் அந்தக் கருத்தில் மாறாதவன். கடவுள் உண்டு என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கடவுள் மறுப்பை ஏற்காதவர்களுக்கு நான் செய்த அநியாயத்தைச் சொல்லவே எழுதுகிறேன்.

என் குற்றம் இதுதான். நாத்திகம் வேண்டாம் என்றவர் யாராக இருந்தாலும், ஏன் வேண்டாம் என்கிறார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தேன். பயம், அறியாமை, ஆசை என்று மூன்று காரணங்களை நானே வகுத்து வைத்திருந்தேன். படிக்காதவர் என்றால் அறியாமை. படித்தவர் என்றால் பயம். பயப்படாத ஆள் என்றால் அவருக்கு அதில் ஏதோ ஆதாயம். இந்த மூன்றில் அடங்காத மனிதர் ஒருவர்கூட என் கண்ணில் படவில்லை. என் உடன்பிறந்த தங்கையே அப்படி ஒருத்தியாக என் கண்ணெதிரில் இருந்தாள். அவளையும் நான் பார்க்கவில்லை.

குற்றத்தைச் சொல்லும்முன், எனக்கு நாத்திகம் என்ன கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கொள்கையின் மேல் பழி விழும். பழி கொள்கையுடையது அல்ல, என்னுடையது.

எங்கள் ஊர் லால்குடிப் பக்கம். சாதியைக் காப்பாற்றும் பிரிவுகள் அரசியல் சட்டத்தில் இருக்கின்றன என்று சொல்லி 1957 நவம்பர் 26 அன்று பெரியார் சட்ட எரிப்புப் போராட்டம் நடத்தினார். தமிழ்நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். லால்குடி வட்டாரத்திலிருந்து போனவர்கள் ஏராளம். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். பெயருக்குப் பின்னால் சாதி போடாத வீடு எங்களுடையது. சிறு வயதில் தாலியறுத்த என் அத்தைக்கு அப்பாதான் முன்னின்று மறுமணம் செய்து வைத்தார். அப்பா, அம்மா கல்யாணத்தில் புரோகிதர் கிடையாது, மந்திரம் கிடையாது, ராகுகாலம் பார்க்கவில்லை. அப்படி நடந்த கல்யாணம் அன்றைக்குச் சட்டப்படி செல்லாது. அண்ணா முதலமைச்சரான பிறகு, 1967இல் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்துக்கான திருத்தத்தை நிறைவேற்றியது. அதற்குமுன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அந்தச் சட்டம் சொன்னது. அரசாங்கக் கணக்கில் என் பெற்றோர் கணவன் மனைவி ஆனது அதன் பிறகுதான். இதையெல்லாம் நான் பெருமையோடுதான் சொல்கிறேன். யாருக்கும் தலை குனியாமல் நிற்கக் கற்றுக்கொடுத்தது பெரியாரின் அந்த இயக்கம். நான் குற்றம் செய்தது அதன் பெயரால்.

முதல் நிகழ்ச்சி நான் இளைஞனாக இருந்தபோது நடந்தது. தீமிதிப்பதில் தெய்வ சக்தி எதுவும் இல்லை என்று மெய்ப்பித்துக் காட்ட எங்கள் தோழர்கள் பூக்குழி இறங்குவார்கள். முதுகில் அலகு குத்திக் கார் இழுப்பார்கள். நானும் கருஞ்சட்டையோடு குழியில் இறங்கினேன். கடவுள் இல்லை என்று முழங்கிக்கொண்டே மிதித்தேன். கால் வேகவில்லை. வேகாததற்குக் காரணம் தெரியும். கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் படிந்திருக்கும். கால் தணலில் படுவதோ நொடிக்கும் குறைவான நேரம். மேடையில் இதை நான் விளக்கியபோது கைத்தட்டல் நிற்க நேரமாயிற்று.

கூட்டம் கலையும்போது வயல் வேலை செய்கிற ஒரு அம்மா என்னிடம் வந்தார். தலையில் சும்மாடு, இடுப்பில் செருகிய புடவை. "தம்பி, நீங்க எதுக்காக மிதிச்சீங்க?" என்று கேட்டார்.

"இதுல சாமி இல்லைன்னு காட்டத்தாம்மா."

"சரி தம்பி. நான் என் புள்ளைக்காக மிதிச்சேன். பேச்சே வராம இருந்தான்."

இவ்வளவுதான் சொன்னார். இதில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எத்தனை! பிள்ளைக்கு இப்போது பேச்சு வந்ததா? டாக்டரிடம் காட்டினீர்களா? குழியில் இறங்கும்போது மனதில் என்ன நினைத்தீர்கள்? எதையும் கேட்கவில்லை. "பிள்ளைக்குப் பேச்சு வர ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா, நெருப்புல இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். தீ சுடாது என்று அந்த அம்மா ஒருபோதும் சொல்லவில்லை. சுடும் என்று தெரிந்தேதான் இறங்கினார். பிள்ளைக்காக என்னால் எதைத் தாங்க முடியும் என்று பத்துப் பேர் முன்னிலையில் காட்டினார். அவர் சொல்லாத ஒன்றைப் பொய்யென்று நிரூபித்துவிட்டு, அவரை வென்றுவிட்டதாக நான் நம்பினேன்.

அடுத்தது என் தங்கை. இதை எழுதும்போது கை நிற்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

தொண்ணூறுகளில் அவளுடைய ஒரே மகன் கொள்ளிடத்தில் குளிக்கப் போனான். மணல் அள்ளிய பள்ளத்தில் சிக்கி இறந்துபோனான். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. முறைப்படி காரியம் செய்ய வேண்டும் என்றார்கள். நான் விடவில்லை. வீட்டுக்கு மூத்தவன் என்ற அதிகாரத்தில், "சடங்கு எதுவும் வேண்டாம், படத்திறப்பு வைப்போம்" என்று முடிவு செய்தேன். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் என் அப்பாவின் மகள்தானே, அவளுக்கும் இதில்தான் சம்மதம் இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

படத்திறப்பு நடந்தது. வீட்டு வாசலில் பந்தல், மைக். தோழர்கள் வந்து பேசினார்கள். பையனைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். அவனை அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆன்மா என்று ஒன்று கிடையாது, மறுபிறவி புரட்டு, திதி கொடுப்பது பிழைப்பவர்களின் ஏற்பாடு என்று பேசினார்கள். நானும் பேசினேன், அதையேதான் பேசினேன். தங்கை உள்ளே அடுப்படியில் இருந்தாள். மைக் சத்தம் அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

எல்லோரும் போன பிறகு அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்.

"அண்ணே, அவன் இப்ப எங்கண்ணே இருக்கான்?"

"எங்கயும் இல்லம்மா. உயிர் போனதோட முடிஞ்சுது. அழுது அழுது நீ உடம்பைக் கெடுத்துக்காதே."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்துபோய், கூட்டத்துக்கு வந்தவர்கள் டீ குடித்த டம்ளர்களை எடுத்துத் தொட்டியில் போட்டுக் கழுவத் தொடங்கினாள். நான் உண்மையைச் சொன்னதாக நினைத்தேன். பொய் சொல்லி ஆறுதல் தருவதைவிட உண்மை சொல்வது அவளுக்கு நான் தரும் மரியாதை என்றும் நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செத்த வீட்டில்கூடக் கொள்கை மாறாமல் நின்றேன் என்று பிறகு தோழர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவள் மகனைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. அடுத்த வருடம் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தெருப் பெண்களோடு சமயபுரத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். சுயமரியாதைக்காரர் மகள் மாரியம்மனுக்கு நடந்துபோகிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒருநாள் நேரிலேயே கேட்டுவிட்டேன். "பிள்ளையைக் காப்பாத்தாத சாமிக்கு எதுக்கு மாலை போடறே?" அவள் பதில் சொல்லவில்லை. என் கேள்விக்குப் பதில் இல்லை, அதனால்தான் பேசாமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். துக்கத்தில் அறிவு மங்கிவிட்டது, பயம் பிடித்துவிட்டது என்று என் மூன்று காரணங்களில் இரண்டை அவள்மேல் சுமத்தினேன்.

என் தவறு வீட்டோடு நிற்கவில்லை. இயக்கத்தில் எனக்கு நெருங்கிய தோழர் ஒருவர் இருந்தார். பக்கத்து ஊர்ச் சேரியில் பிறந்தவர், என்னைவிட நன்றாகப் பேசுவார், என்னைவிட நிறையப் படித்தவர். ஒருநாள் அவர் பௌத்தம் ஏற்றுக்கொண்டார். எனக்குக் கோபம். "ஒரு மதத்தை விட்டுட்டு இன்னொரு மதமா தோழர்? அப்ப இத்தனை வருஷம் பேசினதுக்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "தோழர், உங்க அப்பா கோயிலுக்குப் போய்ப் பார்த்து, இது வேண்டாம்னு விட்டுட்டு வந்தாரு. எங்கப்பாவ வாசல்லயே நிறுத்தினாங்க. உள்ளேயே விடாத இடத்தை எப்படித் தோழர் விட்டுட்டு வர்றது? கடவுள் இல்லைன்னு சொன்னப்புறமும் நீங்க ஊர்த்தெருவுலதான் இருக்கீங்க, நான் சேரியிலதான் இருக்கேன். பொறந்தா, செத்தா, கல்யாணம் பண்ணா எங்கூடச் சேர்ந்து நிக்க ஒரு கூட்டம் வேணும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு பேர் வேணும்."

நான் அன்று அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன். இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் வரலாறு எனக்குத் தெரியும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். இந்துக் கடவுள்களை வணங்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுக்க வைத்தவர் அவர். கடவுளை விட்டதோடு அவர் நிற்கவில்லை, தம்மத்தை எடுத்துக்கொண்டார். அவருக்கும் அரை நூற்றாண்டுக்கு முன்னால், 1898இல், சென்னையில் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். இழிவிலிருந்து வெளியேற இஸ்லாத்துக்குப் போகலாம் என்று பெரியாரே பேசியிருக்கிறார். கடவுள் இல்லை என்று சொன்ன அதே பெரியார், கருவறைக்குள் எல்லாச் சாதியினரும் போக வேண்டும் என்று கடைசிவரை போராடினார். 1973 டிசம்பர் 24 அன்று அவர் மறைந்தபோதும் அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற கொள்கைப்படி பயிற்சி பெற்றவர்கள் பலருக்கு ஒரே நேரத்தில் அரசு பணி ஆணை கொடுத்தது 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான். நம்பாதவரான பெரியார், நம்புகிறவர்களின் உரிமைக்காக ஏன் வயதான காலத்தில் போராடினார்? அவமானம் எங்கே நடக்கிறதோ அங்கே போய்த்தான் அதை நீக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் படத்தை வீட்டில் மாட்டியிருந்த எனக்குத் தெரியவில்லை.

இன்னொருவர் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர், கிறிஸ்தவர். நூலகத்தில் பழக்கம். அவருடைய மறுப்பு வேறு வகை. "சோவியத்தில் 1931இல் மாஸ்கோவின் பெரிய பேராலயத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அல்பேனியாவில் 1967இல் எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடினார்கள். தேவாலயம், மசூதி எதையும் விடவில்லை. பாதிரிகளைச் சிறையில் போட்டார்கள், கொன்றார்கள். அதற்கு நாத்திகர்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் சிலுவைப் போரையும், மத விசாரணை மன்றங்களையும், மதக் கலவரங்களையும் எடுத்து வீசினேன். அவர் கோபப்படவில்லை. "அதெல்லாம் நடந்தது. என் மதம் செய்த குற்றம், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பக்கத்தில் நடந்ததை நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்" என்றார். "அரசனுக்கும் கட்சிக்கும் மேலே ஒருவன் கேள்வி கேட்க இருக்கிறான் என்ற நம்பிக்கை, என்னைப் போன்ற சாதாரண ஆளுக்கு ஒரு தைரியம். அதை எடுத்துவிட்டால் மேலே யார் மிஞ்சுகிறார்கள்? அரசன்தானே?" என்றும் கேட்டார்.

அவர் வாதத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மேலே ஒருவன் இருக்கிறான் என்று நம்பிய அரசர்கள் செய்த கொடுமை குறைவா? ஆனால் அது பயமும் இல்லை, அறியாமையும் இல்லை. வரலாறு படித்த ஒருவர் யோசித்துச் சொன்ன காரணம். அதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருந்தது. நான் அவர் வாயை அடைக்க மட்டும் பார்த்தேன். அந்த நாடுகளில் நாத்திகத்தின் பெயரால் செத்தவர்களுக்காக ஒரு நிமிடம்கூட நான் வருந்தியதில்லை.

இந்த மறுப்புகள் ஏதோ புதிதாக வந்தவை என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் என் படிப்பில் இருந்த ஓட்டை. மணிமேகலைக் காப்பியத்தில் சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் மணிமேகலை போய்க் கொள்கை கேட்கிற காதை இருக்கிறது. அதில் பூதவாதியும் வருகிறான். கண்ணால் காண்பதே அளவை, பூதங்களின் கூட்டத்தால் உணர்வு பிறக்கிறது, இன்ப துன்பமெல்லாம் இந்தப் பிறவியோடு சரி என்கிறான் அவன். நான் படத்திறப்பு மேடையில் பேசியதை அந்த நூலை எழுதிய சாத்தனார் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அவன் வாயில் வைத்திருக்கிறார். இளம்பெண்ணான மணிமேகலை அவனை விடவில்லை. உன் தாய் தந்தையை நீ அனுமானத்தால் அல்லாமல் வேறு எதனால் அறிந்தாய் என்று கேட்கிறாள். பிறந்ததை யாரும் தன் கண்ணால் பார்த்ததில்லை. நெருங்கியவர்கள் சொன்னதை நம்பித்தான் நமக்கு அம்மா, அப்பா. நீலகேசியிலும் பூதவாதத்தை மறுக்கத் தனிச் சருக்கமே இருக்கிறது. ஒன்று பௌத்தக் காப்பியம், மற்றது சமண நூல். உலகைப் படைத்த கடவுள் என்று ஒருவரை ஒப்புக்கொள்ளாத இரண்டு சமயங்கள், செத்தால் எல்லாம் முடிந்தது என்ற பேச்சை ஏற்க முடியாது என்று தமிழில் உட்கார்ந்து வாதாடியிருக்கின்றன. செய்த செயலுக்குப் பலன் தொடராது என்றால் அறத்துக்கு என்ன பிடிமானம் என்பதுதான் அவர்களின் கவலை. என் தோழர் பௌத்தத்துக்குப் போனதும் என் தங்கை கேட்ட கேள்வியும் இந்தப் பழைய வாதத்தின் தொடர்ச்சி என்று நான் அறியவில்லை.

நாத்திகத்தை விட்டுப் போனவர்களிடமும் நான் காரணம் தேடவில்லை. கவிஞர் கண்ணதாசன் திராவிட இயக்கத்தில் இருந்து நாத்திகம் பேசிப் பிறகு விட்டவர். கம்பனைக் குறை சொல்லப் படிக்கப் போய்க் கம்பனில் மூழ்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பத்துப் பாகமாக அர்த்தமுள்ள இந்து மதம் எழுதினார். நான் அதில் ஒரு பாகத்தைக்கூடப் படிக்காமல், அவர் கட்சி மாறியதையும் குடித்ததையும் சொல்லியே அவரை ஒதுக்கினேன். அன்னி பெசன்ட் லண்டனில் நாத்திகத் தலைவர் பிராட்லாவோடு சேர்ந்து நாத்திகப் பிரச்சாரம் செய்தவர், கருத்தடை பற்றிய நூலை அவரோடு வெளியிட்டதற்காக நீதிமன்றம் ஏறியவர், கொள்கையின் காரணமாக வழக்கில் மகளைக்கூட இழந்தவர். அப்படிப்பட்டவர் 1889இல் பிரம்மஞான சபைக்குப் போனார். 1933இல் அடையாற்றில் இறக்கும்வரை அதில் இருந்தார். கொள்கைக்காகப் பெற்ற பிள்ளையைப் பிரிந்த பெண்ணைப் பயந்தவர் என்று சொல்ல முடியுமா? நான் சொன்னேன். கூட்டத்தில் சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு உடல்நிலை மோசமாகி, திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவு. மகன் வெளிநாட்டில். தோழர்கள் வந்து பார்த்தார்கள், பணம் வேண்டுமா என்று கேட்டார்கள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரவு முழுவதும் வராந்தாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் என் தங்கையோடு சமயபுரத்துக்கு நடக்கும் பெண்கள். முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி இட்லி கொண்டு வருவாள், ஒருத்தி என் வேட்டி சட்டையைத் துவைத்து எடுத்து வருவாள், ஒருத்தி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுவாள். என் கருஞ்சட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அந்த வராந்தாவில்தான் முதல்முறையாகக் கேட்டேன். "ஏம்மா, என் தங்கச்சி ஏன் அந்தக் கோயிலுக்கு வர்றா?" நியாயமாக அவளிடமே கேட்டிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. அந்தப் பெண்களில் மூத்தவர் சொன்னார். "ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? மாசி கடைசி ஞாயித்துக்கெழமலேருந்து இருபத்தெட்டு நாள் ஆத்தா பச்சப் பட்டினி. நம்ம எல்லாருக்காகவும் அவ விரதம் இருக்கா. சோறு கெடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், எளநிதான். ஒங்க தங்கச்சி மொத வருசம் அத கேட்டுட்டுத்தான் அழுதுச்சு. மவன் போனப்ப அது சாப்புடாமக் கெடந்துச்சாம், எல்லாரும் சாப்புடு சாப்புடுன்னு திட்டினீங்களாம். 'இங்க ஒருத்தி கூடவே பட்டினி கெடக்கறா'ன்னு சொல்லுச்சு."

லால்குடியிலிருந்து பஸ் ஏறினால் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருக்கிறது அந்தக் கோயில். அந்த உண்டியலில் எவ்வளவு விழுகிறது, அந்தக் கூட்டத்தில் எத்தனை திருட்டு நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பக்தர்கள் தெய்வத்துக்காக விரதம் இருப்பதற்கு மாறாக, அங்கே தெய்வமே மக்களுக்காகப் பட்டினி இருக்கிறது என்ற ஒரு சேதி மட்டும் எனக்குத் தெரியாது. பிள்ளையைக் காப்பாற்றாத சாமி என்று நான் கேட்டேனே, அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? அவள் காப்பாற்றச் சொல்லிப் போகவில்லை. கூட இருக்க ஆள் தேடிப் போயிருக்கிறாள். அண்ணன் நான் இருந்தேன். எனக்குப் பேசத்தான் தெரிந்திருந்தது.

மனைவி பிழைத்துக்கொண்டாள். டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் நன்றி சொன்னேன். அந்தப் பெண்களும் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அவர்களுக்கு நன்றி மிச்சம் இருந்தது. எனக்கும் மிச்சம் இருந்தது என்று சொன்னால் தோழர்கள் வருத்தப்படக்கூடும், ஆனாலும் உண்மை அதுதான். அதைச் சேர்க்க எனக்கு முகவரி இல்லை, அவர்களுக்கு இருந்தது. அவர்கள் நேராகக் கோயிலுக்குப் போனார்கள். நன்றி சொல்ல ஒருவர் வேண்டும் என்பதும் நாத்திகத்தை மறுக்க ஒரு காரணம்தான். அதை வைத்துக் கடவுள் இருக்கிறார் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அது மனிதருக்கு உள்ள நல்ல குணத்திலிருந்து வருகிற காரணம். நான் அதற்கு ஆசை என்று பெயர் வைத்திருந்தேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பும்முன் தங்கையிடம் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளிடம் கேட்காமல் இருந்தால் பழைய குற்றத்தை மறுபடியும் செய்தவன் ஆவேன். படித்து முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்சநேரம் கழித்துச் சொன்னாள்.

"நீ பொய் சொல்லலண்ணே. எனக்கும் அது தெரியும், நானும் அப்பா மகதானே. எங்க இருக்கான்னு கேட்டேனே, நான் என்ன வெலாசமா கேட்டேன்? அவனப் பத்திப் பேசுன்னு கேட்டேன். நீ அவனத் தோள்ல தூக்கிட்டுத் திருவிழா பாக்கப் போனத, சைக்கிள் பழக்கிவிட்டத, எதையாச்சும் சொல்லுவேன்னு பாத்தேன். மைக்குல எல்லாரும் என்னென்னமோ பேசினாங்க. அவனப் பத்தி யாருமே பேசலண்ணே."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் நான் நாத்திகன்தான். நோயைத் தொட்டுக் குணப்படுத்துகிறேன் என்று காசு பறிப்பவனையும், பரிகாரம் என்று ஏழையின் தாலியை அடகு வைக்கச் சொல்பவனையும், சாமி பெயரைச் சொல்லித் தெருவைப் பிரிப்பவனையும் எதிர்த்துப் பேசுவதை நான் விடப்போவதில்லை. பயத்தாலும் அறியாமையாலும் ஆசையாலும் நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதே மூன்றால் நம்பாமல் இருக்கிறவர்களும் உண்டு. என் நாத்திகத்தில் கொஞ்சம் பயம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. நான் தவறாக இருக்கக்கூடும் என்ற பயம். அதனால்தான் யாருடைய காரணத்தையும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் ஏன் எதற்கு என்று கேள் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சாமியைக் கேட்டேன், சாத்திரத்தைக் கேட்டேன், புரோகிதரைக் கேட்டேன். எதிரே நின்ற மனிதரை ஒருநாளும் கேட்கவில்லை. பகுத்தறிவு பேசியவன் அறிய மறுத்தது பகுத்தறிவுக்கே செய்த துரோகம். பௌத்தத்துக்குப் போன தோழர் இறந்துவிட்டார். அவருக்கு நான் பட்ட கடனை இனி அடைக்க முடியாது. இயக்கத்தில் இருக்கும் இளைய தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். துக்க வீட்டுக்குப் போனால் கொள்கையைப் பேசாதீர்கள், போனவரைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் கருத்தை வேண்டாம் என்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். கேட்ட பிறகு அவரை மறுக்கலாம், தாராளமாக மறுக்கலாம். கேட்காமல் மறுக்கும் உரிமை நமக்குக் கிடையாது.